மஞ்சள் கயிறு கட்டிய செம்பருத்தி

காலையில் வாசல் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது என் செடியைத்தான். அன்றைக்குப் பார்த்தால், வேலியோரத்துச் செம்பருத்தியில் ஒரு காம்பு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறது.

புதுக் கயிறு இல்லை. நான் கட்டிய நூல்தான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற துணியிலிருந்து உருவிய வெள்ளை நூல். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது தொட்டால் விரலெல்லாம் மஞ்சள். பனியில் நனைந்து, அரைத்த மஞ்சளின் பச்சை வாசனை வேறு.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டு வேலியில் மஞ்சள் நூல். எனக்கு வந்ததே கோபம். அதில் பாதி மஞ்சளுக்காக, பாதி என்னைக் கேட்காமல் என் செடியைத் தொட்டதற்காக.

"யாரு வேல இது?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன்.

என் வீட்டுக்காரர் சாமுவேல், ஹைஸ்கூல் வாத்தியார், பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "இன்னாது?" என்றார். பேப்பர் இறங்கவில்லை.

நான் நர்ஸாக இருந்த பிரசவ வார்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வேலூர் வாசகி ஒருவர், "ஆஸ்பத்திரியைத் தவிர உங்களுக்கு வேறு உலகமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது அம்மணி. அது எங்கள் வேலியோரத்தில் இருந்தது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

சாயங்காலம் தாங்காத பூ

எழுபதுகளில் நாங்கள் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நடந்து மலையேறுகிறவர்கள் எல்லாரும் எங்கள் வேலியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். விடியற்காலையில் பஜனைச் சத்தம்தான் எனக்கு அலாரம். அதைக் கேட்டு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, டியூட்டிக்குக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும்.

மலையில் பெண்கள் பூ வைத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே இருக்கிற பூவெல்லாம் சாமிக்கு. அதனால் அடிவாரத்துக்கு வரும்போதே தலையிலிருந்து மல்லிகையை எடுப்பார்கள். எடுத்ததைத் தரையில் போட்டு மிதிக்க மனசு வராது. எங்கள் வேலிமேல் வைத்துவிட்டுப் போவார்கள். யார் யாரோ தலையில் வைத்த பூ எங்கள் வேலியில் வாடும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, வாசனை நன்றாகவே இருக்கும்.

எங்கள் சபையில் பெண்கள் முறை வைத்துப் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்வோம். ஒருத்தி ரோஜா கொண்டுவருவாள், ஒருத்தி சம்பங்கி. என் வீட்டில் இருந்தது செம்பருத்தி ஒன்றுதான். எலுமிச்சை மஞ்சளில், உள்ளங்கை அகலத்தில் பூக்கும். என் முறை வந்தபோது பித்தளைக் குடுவை நிறைய அதை வைத்தேன். காலை ஆராதனையில் பார்க்கக் கண் போதவில்லை.

செம்பருத்தியின் குணம் உங்களுக்குத் தெரியும். காலையில் மலர்ந்தால் சாயங்காலம் சுருண்டுவிடும். சாயங்கால ஆராதனைக்குப் போனால், குடுவையில் நனைந்த கைக்குட்டைகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து ஐயா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு, எப்போதும் ஒரே கண்டிப்பு. எல்லாரும் பார்க்க அவர் குடுவையை எடுத்து வெளியே வைத்தார்.

"எஸ்தரம்மா, இது அம்மன் கோயிலுக்குப் போற பூ. அதுவாச்சும் போவட்டும். சாயங்காலம் வரைக்கும் தாங்காத பூவ ஆண்டவர் சந்நிதியில வைக்கலாமா?"

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் இருக்காதே சும்மா.

"தாங்கற செம்பருத்தி கொண்டாந்து வைக்கிறேன் ஐயா. அப்ப என்னா சொல்றீங்கன்னு பாக்கறேன்."

சபையே கேட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தேன், அப்படி ஒரு செம்பருத்தி உலகத்தில் இருக்கிறதா என்று.

பென்சிலின் புட்டியில் அப்பா

இருந்தது, ஆனால் பாதிதான் இருந்தது. எங்கள் பெரிய டாக்டர் பங்களாவில் தொட்டியில் ஒரு செம்பருத்தி. பெங்களூரிலிருந்து வாங்கி வந்த ஒட்டுச் செடி. ஆரஞ்சு நிறம், இதழ் தோல் மாதிரி தடிப்பு. பூ சின்னது, தலை கவிழ்ந்துகொள்ளும், பீடத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் சுருங்காது. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன்.

அதில் கொம்பு ஒடித்து வந்து நட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வேர் விடவில்லை. ஒட்டுச் செடிகளில் சிலது அப்படித்தான், சொந்தக் காலில் நிற்காது.

அப்போதுதான் இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. பெங்களூர் மலர்க் கண்காட்சிக்கு ஒருமுறை நர்ஸுகள் எல்லாரும் போயிருந்தோம். அங்கே ஒரு பூவுக்கு முன்னால் 'கலப்பு' என்று எழுதி வைத்திருந்தார்கள். எப்படிக் கலப்பீர்கள் என்று நின்றவரைக் கேட்டேன். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவினால் ஆச்சு, காய் பிடித்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். இவ்வளவுதான் என்றால் ஊரெல்லாம் ஏன் செய்யவில்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

செம்பருத்தியைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். நடுவில் நீண்ட தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் பொடி, நுனியில் வெல்வெட் மாதிரி அஞ்சு புள்ளி. அந்தப் புள்ளிகளில் பொடி ஒட்ட வேண்டும். காலையில், பூ விரிந்த சூட்டோடு செய்ய வேண்டும். வெயில் காலத்தில் காய் பிடிக்காது. குளிர் வந்தால்தான் உண்டு.

காலி பென்சிலின் புட்டியைக் கழுவிக் காயவைத்து, அதில் டாக்டர் வீட்டுப் பூவின் தண்டை வைத்து, பஞ்சால் மூடி, நைட் டியூட்டி முடிகிற நாட்களில் காலையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். தடவிய பூவுக்கு நூல் கட்டி, பிளாஸ்திரித் துண்டில் தாய் இன்னது, தகப்பன் இன்னது என்று எழுதி ஒட்டுவேன். வார்டில் பிறந்த குழந்தையின் கையில் தாய் பேரை எழுதிக் கட்டுவோமே, அதே பழக்கம்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஆஸ்பத்திரியில பாக்கறது போதாதுன்னு வீட்டுக்கு வந்து பூவுக்கும் பிரசவம் பாக்கறியா?"

"உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது. பேப்பரப் படிங்க" என்பேன். அவரும் படிப்பார். செடிப் பக்கமே வரமாட்டார். எலுமிச்சைச் செடிக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் அவர், பொய் இல்லை.

இரண்டு குளிர்காலம் தடவினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. மூன்றாவது வருஷம் கார்த்திகை தொடக்கத்தில் டாக்டர் ஓய்வு பெற்றார். தொட்டிகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் கிளம்பிய அன்று காலையில், அந்தச் செடியின் கடைசிப் பூவைக் கேட்டு வாங்கி வந்து, என் செடியில் விரிந்திருந்த மூன்று பூக்களுக்குத் தடவினேன்.

இனிமேல் தகப்பன் ஊரில் இல்லை. இந்த மூன்றில் ஒன்று காய்த்தால் உண்டு. இல்லாவிட்டால் மூப்பர் ஐயா முகத்தில் நான் முழிக்கவே முடியாது.

ராஜம்மாவின் தொரட்டி

எதிர் வீட்டு ராஜம்மா தெலுங்குக்காரி. நல்லவள். ஆனால் ஊரில் உள்ள வேலியெல்லாம் தன்னுடையது என்று நினைப்பு. விடியற்காலையில் ஒரு கையில் கூடை, ஒரு கையில் தொரட்டிக் கம்பு. அவள் வீட்டுக் கங்கம்மா படத்துக்குச் செம்பருத்தி இல்லாமல் பூஜை கிடையாது. அவளைப் போல இன்னும் நாலைந்து பேர். மலைக்குப் போகிறவர்களும் கை வைப்பார்கள். சாமிக்குப் பறிக்கிற பூவைத் திருட்டு என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் தடவிவிட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே ராஜம்மா கூடையோடு வந்தாள். கையில் என் நூல்.

"எஸ்தரம்மா, ஒரு பூவுல பேண்டேஜ் கட்டியிருந்திச்சே. பூவுக்கு ஏதாச்சும் அடியா?"

அவள் கூடையில் என் மூன்று பூவில் ஒன்று கிடந்தது. கத்தினேன். அழுகையும் வந்தது. அவள் பயந்துபோய் அந்தப் பூவைத் திரும்பக் காம்பில் வைத்துப் பார்த்தாள், பாவம். நிற்குமா அது.

அடுத்த வாரம் இரண்டாவது தானாகவே மஞ்சளித்து உதிர்ந்தது. மூன்றாவது மட்டும், இதழ் கொட்டின பிறகும் காம்போடு பச்சையாக நின்றது. பட்டாணி அளவு வீங்கியிருந்தது. காய் பிடித்துவிட்டது.

சந்தோஷம் பாதி, பயம் பாதி. அந்தக் காய் முற்ற இரண்டு மாதமாவது ஆகும். வரப்போவது மார்கழி, பூப் பறிக்கிறவர்களுக்குத் திருவிழா மாதம். காயை யாரும் பறிக்க மாட்டார்கள், ஆனால் மேல் கிளைப் பூவுக்காகத் தொரட்டி போட்டு இழுத்தால் போதும், அதிர்ச்சியிலேயே காய் உதிர்ந்துவிடும். வேலிக்கு முள் வைத்தேன். முள்ளை நகர்த்திவிட்டுப் பறித்தார்கள். 'பறிக்காதீர்கள்' என்று தமிழிலும் தெலுங்கிலும் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அட்டையைத் தொரட்டியில் தள்ளிவிட்டுப் பறித்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "இந்தத் தடவ போச்சுன்னா போனதுதாங்க. டாக்டர் செடி எங்க, நான் எங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில்தான் நூல் மஞ்சளாகியிருந்தது.

வேண்டுதல் செடி

முதலில் ராஜம்மாவைத்தான் பிடித்தேன்.

"நேனு காதம்மா, சத்தியமா நான் இல்ல" என்றாள். தொரட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செடியை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரோ முடுப்பு கட்டிக் கீறாங்க. இனிமே இதத் தொடக் கூடாதும்மா."

முடுப்பு என்றால், சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சளில் முடிந்து வைப்பது. வேண்டுதல் நிறைவேறுகிற வரைக்கும் அதை யாரும் தொட மாட்டார்கள். சொன்னவள் அதோடு விட்டாளா, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மறுநாள் ஒரு தொரட்டியும் வரவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாக, பூத்த பூவெல்லாம் செடியிலேயே இருந்தது.

ஒரு வாரத்தில் இரண்டாவது மஞ்சள் கயிறு. பிறகு நாலு. மலைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் பங்குக்கும் கட்டினார்கள். அடித்தண்டில் குங்குமம் வைத்தார்கள். வேலிமேல் வைத்த மல்லிகையெல்லாம் இப்போது செடி கழுத்துக்கு வந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் வாழைப்பழமும் வெற்றிலையும் வைக்க ஆரம்பித்தார்கள். பழத்தைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டுப் போகும். ஆனால் கிளையில் ஒரு வாய் வைக்காது, பழமே தாராளமாக இருந்ததே.

ஒரு நாள் கர்நாடகத்துப் பெரியவர் ஒருத்தர் என்னிடமே வந்து, "இங்கே என்ன வேண்டிக்கொண்டால் நடக்கும் அம்மா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். "எனக்கே இன்னும் நடக்கல, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவர் நமஸ்காரம் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற எங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒரு காட்சி. நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த நூல்களுக்கு நடுவில் என் காய் தினம் தினம் பெருத்தது. பெரிய நெல்லிக்காய் அளவு ஆனது. கத்தரிக்கோலை எடுப்பேன், காயைப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன்.

இதற்கு நடுவில் பின்கட்டிலிருந்து தினமும் என் வீட்டுக்காரரின் குரல் கேட்கும். எங்கள் சபையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் குரல். ஒரு எழுத்து தடுக்காது, ஒரு தடவை தலை நிமிராது, கடைசி பெஞ்சில் இருக்கிற காது கேளாத கிழவிக்கும் விளங்கும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசிக்க வேண்டியதை அந்த வருஷமும் ஒரு மாதம் முன்னாலிருந்தே கிணற்றடியில் நின்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

காபி வேண்டாம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஞானமுத்து மூப்பர் வீடு வந்தார். வாசலில் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தவர், "காபி வேண்டாம்மா" என்றார். எங்கள் ஊரில் பெரியவர் காபி வேண்டாம் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"தம்பி சாமுவேலு, வெளிய இருக்கறது என்னா? பேப்பர் போடற பையன் கூட எங்கிட்ட கேக்கறான், உங்க சபைக்காரங்க வீட்ல சாமி வந்துடுச்சாமேன்னு."

நான் முந்திக்கொண்டேன். "ஐயா, மலைக்குப் போறவங்க கட்டிட்டுப் போறாங்க. நாங்க என்னா பண்றது? எவளோ ஒருத்தி மொதல்ல கட்டித் தொலைச்சா, அதப் பாத்து..."

"மொத கயிறு நான் கட்டினது ஐயா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கட்டினதுன்னு இல்ல. இவ கட்டின வெள்ள நூலுக்கு மஞ்சள் பூசினேன். யார் சொல்லியும் நம்ம ஜனங்க பூவ விடல. மஞ்சளுக்கு விடுவாங்கன்னு தெரியும். சாமின்னு நெனச்சிப் பண்ணல ஐயா. அந்தக் காய் நிக்கணும்னு பண்ணேன்."

மூப்பர் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை.

"நீ என்னா நெனச்சி கட்டினன்னு ஆண்டவருக்குத் தெரியும். ரோட்ல போறவனுக்குத் தெரியுமா? வாசல்ல முடுப்பு கட்டி வச்சிக்கினு, உள்ள வந்து நீ வேதபாடம் வாசிச்சா, எளவயசுப் பசங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது? இன்னிக்கே அதையெல்லாம் அறுத்துப் போடு. இல்லன்னா, அது இருக்கற வரைக்கும் நீ வாசிக்க வேணாம்."

"காய் முத்தற வரைக்கும் டைம் குடுங்க ஐயா. அப்புறம் நானே அறுத்துடறேன்."

"அது எப்ப?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"தை பாதியில" என்றேன்.

"அப்ப கிறிஸ்துமஸுக்கு வேற ஆளுதான் வாசிக்கணும்" என்று சொல்லி மூப்பர் எழுந்தார். என் வீட்டுக்காரர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

கத்தரிக்கோல்

அவர் உள்ளே வருவதற்குள் நான் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்த ராஜம்மாவ என்னா பேச்சு பேசினேன்!"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்ப. அப்புறம் மஞ்சளுக்கு என்னா மரியாதை?"

உண்மைதான். ஆனாலும் கத்தரிக்கோலோடு வாசலுக்கு நடந்தேன். அவருடைய கிறிஸ்துமஸ் வாசிப்பைப் பறித்துக்கொண்டு எனக்கு ஒரு பூ வேண்டுமா என்று இருந்தது. ஒரு மாதமாகக் கிணற்றடியில் கேட்ட குரல் எனக்குத்தானே தெரியும்.

பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

"வை அத. கிறிஸ்துமஸ் அடுத்த வருசமும் வரும். டாக்டரோட செடி வராது."

நான் அழுதேன். அவர் கத்தரிக்கோலைக் கொண்டுபோய்த் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் கல்யாணத்தில் கூட எனக்கு அப்படி ஒரு கர்வம் வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பாங்கியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி வாசித்தான். நாலு இடத்தில் தடுக்கினான். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அந்தத் தம்பியோடு கூடவே அசைந்தது. அவன் தடுக்கிய இடத்தில் இவர் உதடு தடுக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பாக்கியில்லாமல் அவருக்கு மனப்பாடம்.

தை பாதியில் காய் பழுப்பாகி, நுனியில் லேசாக வெடித்தது. வெள்ளைத் துணி விரித்துப் பிடித்து, குழந்தையை வாங்குவது போலத்தான் வாங்கினேன். உள்ளே மிளகை விடச் சின்னதாக, பூனை ரோமம் மாதிரி மெல்லிய சுணையோடு விதைகள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் டிராயரைத் திறந்து, செடியில் இருந்த எல்லாக் கயிற்றையும் அறுத்தார். குப்பையில் போடவில்லை. ஒரு பையில் போட்டு ராஜம்மாவிடம் கொடுத்தார். அவள் கங்கம்மா கோயில் மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். அவரவர் வேண்டுதல் அவரவருக்கு, நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்றார்.

இரண்டாம் நாள்

விதை முளைத்துச் செடியாகிப் பூக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம், அத்தனைதான் தேறின.

முதலில் பூத்தது சோற்றுக் கஞ்சி நிறம். சாயங்காலமே சுருண்டது. இரண்டாவது டாக்டர் செடியைப் போலத் தலை கவிழ்ந்தது. மூன்றாவதில் மொட்டு மொட்டாக வரும், விரியாமலே கொட்டும். பெற்ற பிள்ளை எல்லாம் நம் சொல்படியா வளர்கிறது? கடைசிச் செடி ஒன்று, மொட்டே வைக்காமல் சும்மா இலையாகத் தழைத்துக்கொண்டிருந்தது. அதைத் துவைக்கிற கல் பக்கம் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் துணி துவைக்கப் போனால் அது பூத்திருக்கிறது.

என் செடியின் அகலம். டாக்டர் செடியின் தடித்த இதழ். நிறம் மட்டும் இரண்டிலும் இல்லை. பங்கனபள்ளி மாம்பழம் நன்றாகப் பழுத்தால் தோலில் வருமே, அந்த நிறம். நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு. நேராக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வழிந்ததைச் சோப்புக் கையால் துடைத்து, கண் எரிந்து, மறுபடி வழிந்தது.

சாயங்காலம் நாலு தடவை போய்ப் பார்த்தேன். சுருளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படியே இருந்தது.

(இந்தப் பூ பின்னால் சித்தூர் மலர்க் கண்காட்சிக்குப் போனது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாரோ ஒரு அதிகாரி வீட்டு டேலியாவுக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அளவு பார்த்துப் பரிசு கொடுக்கிறவர்களிடம் நாம் என்ன பேசுவது? அதை விடுங்கள்.)

காம்போடு வெட்டி, பித்தளை டம்ளரில் வைத்து எடுத்துப் போனேன். அன்று பீடத்து அலங்காரம் இன்னொருத்தியின் முறை, சம்பங்கி நிறைந்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. வேதபாடம் வாசிக்கிற மேடையின் ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூப்பர் முன் பெஞ்சிலிருந்து பார்த்தார். காலை ஆராதனை முடிந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்கால ஆராதனைக்குப் போனோம். விளக்குப் போட்டிருந்தார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பயத்தில் மேடைப் பக்கம் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த கைக்குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து போய் வாசிக்க ஆரம்பித்தார். வழக்கம் போலத் தண்ணீர் மாதிரி போனது குரல்.

நடுவில் நின்றது.

வசனத்தின் பாதியில் நின்றது. அந்தச் சபையில் அப்படி நடந்ததே இல்லை. எல்லாரும் நிமிர்ந்தார்கள். யாரோ இருமினார்கள். வரி தப்பிவிட்டதோ என்று காட்டிக் கொடுக்க மூப்பர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். நானும் நிமிர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரலை வரியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் டம்ளரில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அது காலையில் எப்படியோ அப்படியே விரிந்திருந்தது. எழுந்த மூப்பரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்தார்.

ஆராதனை முடிந்து டம்ளரை எடுக்கப் போனேன். மூப்பர் கை காட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும் எஸ்தரம்மா. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். பிறகு, துண்டைச் சரி செய்துகொண்டே, "ஒரு கொம்பு கெடைக்குமா?" என்றார்.

"நட்டா வேர் விடும் ஐயா. இது சொந்தக் கால்ல நிக்கும்" என்றேன். அவரை ஜெயித்துவிட்டதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே அவர் மேல் பிரியம்தான் வந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எதிரில் மலைக்குப் போகிற கூட்டம். ராஜம்மா வீட்டு வாசல் வந்ததும் கேட்டேன்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? வரி தப்பிடுச்சா?"

"வரி தப்பல."

"அப்புறம்?"

"நாலு வருசமா நீ சொல்லிக்கினே இருந்தியே. நிக்குதான்னு பாத்தேன்" என்றார்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிக்குது எஸ்தர்."